அருமைநாயகத்தின் நான்கு வெள்ளிக்கிழமைகள்

அவரை முதலில் கண்டது மட்டக்களப்பில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோர் வாசலில், ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில். தகப்பனின் காணி உறுதியை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறவன் பனிச்சங்கேணியிலிருந்து அங்கே போயிருந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதுவரை வீட்டில் ஒருவரும் வாசித்திராத அந்த உறுதியை பஸ்ஸிலேயே இரண்டு தரம் வாசித்து முடித்திருந்தான். வாங்கில் இருந்த மெலிந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நொத்தாரிசு ஐயா இண்டைக்கு வரமாட்டார். நாளைக்கும் ஐமிச்சம். சும்மா இருந்து பொழுதைக் கெடுக்காமப் போங்க."

"நீங்க இஞ்ச வேலை செய்றவரா?"

"இல்ல மனே. நான் காணித் தரகன்."

பின்னால் வந்த ஒரு பெண்ணுக்கும் அதையே சொன்னார். அவள் முகம் கறுத்துத் திரும்பிப் போனாள். வேலை நடக்காது என்று கேட்காமலே சொல்லும் தரகரை யார் கண்டார்கள்? உள்ளேயிருந்த லிகிதர் சிரித்தார். "அது அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. விட்டுருங்க."

அந்த நேர்த்திக்கடனின் கதை, பின்னால் பல தடவை போய் இருந்த பிறகுதான் துண்டு துண்டாக வந்தது.

அந்தத் தரகர் அருமைநாயகத்துக்கு ஊர் செட்டிபாளையம். சுனாமிக்கு முந்தி சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். கடல் கடையையும் எடுத்தது, வீட்டையும் எடுத்தது. அவரும் மனைவியும் ஒரு பள்ளிக்கூட மாடியில் நின்று தப்பினார்கள். அகதி முகாமில் இருந்த நாட்களில், வீடு கட்டிக் கொடுக்க வந்த நிறுவனம் ஒன்று கடலுக்குத் தூரத்தில் காணி தேடியது. எந்த வளவு யாருடையது, அதன் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அருமைநாயகத்துக்குத் தெரியும். இருபது வருடம் அந்த வளவுகளின் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டவர். அவர் கை காட்டிய காணிகளை வாங்கினார்கள். அப்படித்தான் தரகரானார்.

அந்த நிறுவனத்தின் வீட்டுத் திட்டத்தில் அவருக்கும் ஒரு வீடு கிடைத்தது. உறுதி மட்டும் கிடைக்கவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் "வாற மாசம்" என்றார்கள். "ஊருக்கெல்லாம் உறுதி எழுதிக் குடுக்கிறீங்க, நமக்கு எப்ப?" என்று மனைவி கேட்பாள். "வாற மாசமாம்" என்பார்.

தொழிலில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தரகர்கள் பலரும் வைத்திருந்த வழக்கம்தான். உறுதியில் கையெழுத்து விழும்வரை வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. பார்த்துவிட்டால் நடுவில் தரகர் எதற்கு என்று இருவருக்கும் தோன்றிவிடும். அதனால் பறங்கித் தெருவில் விற்பனைக்கு வந்த லில்லியன் அம்மாவின் வீட்டை, வாங்க வந்த கண்ணகைக்கு அவர் காட்டியது ஒரு ஞாயிறு காலையில், லில்லியன் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில். சாவியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

அது யுத்தம் முடிந்த வருடத்து ஆனி மாதம். கண்ணகை கைம்பெண். சண்டையில் இடம்பெயர்ந்து மகள் யசோதினியோடு நகரில் வாடகை அறையில் இருந்தாள். மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் குடியிருப்பான். ரதீஸ் என்ற பையனுக்கு யசோதினியைப் பேசி முடித்திருந்தார்கள். அவனுடைய தாய்மாமன் வல்லிபுரம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "வீடு புள்ளையிர பேருக்கு எழுதின உறுதியைக் காட்டுங்க. மறுகா நாள் வைப்பம்."

கிரானில் தனக்குச் சீதனமாக வந்த வட்டை வயல் காணியை விற்று, கண்ணகை அந்த வீட்டுக்கு அச்சாரம் கொடுத்தாள். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை உறுதி எழுதுவதாகத் தரகர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி ஆவணிக் கடைசியில் முகூர்த்தமும் குறித்தார்கள்.

வீடு லில்லியனுக்கும் அவுஸ்திரேலியாவில் இருந்த தம்பி பேர்சிக்கும் பொதுவானது. பேர்சி, தனக்காக அக்காவே ஒப்பமிடலாம் என்று அங்கிருந்து அற்றோணிப் பத்திரம் அனுப்ப வேண்டும். முதல் வெள்ளிக்கு மூன்று நாள் முந்தி லில்லியன் அருமைநாயகத்தைக் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் நாயகம், பேர்சி பாத்ரூமில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுட்டுது. ஆஸ்பத்திரியில. பேப்பர் வர ரெண்டு மாசமாவது செல்லும். வாங்கிற ஆக்களுக்குச் சொல்லிப்போடுங்க, பாவம்."

"ஓம் அம்மா. இப்பவே போய்ச் சொல்லுறன்."

சொல்லத்தான் போனார். கண்ணகையின் வாசலில் சைக்கிளைச் சாத்தும்போது, உள்ளே யசோதினி புதுச் சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணகை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன அண்ணன், வெள்ளிக்கிழமை எத்தின மணிக்கு வரட்டும்?"

அச்சாரத்தைத் திருப்பிக் கேட்பாள், வேறு தரகரிடம் போவாள், ஒருவேளை பேர்சி கெதியாகச் சுகமாகிவிடுவான். இவ்வளவும் ஒரு மிடறு தேத்தண்ணீருக்குள் அவருக்கு ஓடியது.

"ஐயாவுக்கு வழக்கொண்டு வந்துட்டுது தங்கச்சி. வாற வெள்ளிக்கிழமை வெச்சுக்குவம்."

திரும்பி வரும் வழியில், தன் குரலை முன்பு எங்கோ கேட்டது போல அவருக்கு இருந்தது. திட்டத்து வீட்டு உறுதியைக் கேட்கப் போனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அதே குரல். கோபமில்லாத, அவசரமில்லாத குரல். இருந்தும் அடுத்த வெள்ளிக்கு "முத்திரை வரேல்ல" என்றார். மூன்றாம் வெள்ளிக்கு "ஐயா கொழும்பு" என்றார்.

"உங்கட வாயில இன்னும் எத்தின வெள்ளிக்கிழமை இரிக்கி அண்ணன்?" என்று கண்ணகை சிரித்தாள். அவரும் சிரித்தார்.

நாலாம் வெள்ளிக்கு முதல்நாள் வல்லிபுரம் தானாகவே நொத்தாரிசின் கந்தோருக்குப் போய் விசாரித்தார். அங்கிருந்து நேரே கண்ணகையிடம் வந்தார். பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைச் சாத்திவிட்டு நின்றாள்.

"அந்தக் கந்தோரில உங்கட பேரே இல்லையாம்கா. வழக்கும் இல்ல, கொழும்பும் இல்ல. ஐயா ஒரு மாசமா அந்தக் கதிரையிலதான் இரிக்கிறார்."

"தரகர் சொன்னத்தத்தான் நான் சொன்னன்."

"வீடு சுணங்கும் எண்டா சுணங்கும் எண்டு சொல்லியிருக்கலாம். நாங்க என்ன, மாட்டமெண்டா சொல்லப்போறம்? பொய் வந்த வீட்டில சம்பந்தம் வைக்க ஏலா."

அவர் போன பிறகு கண்ணகை அழவில்லை. அருமைநாயகத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"இருபத்தி மூண்டு நாள்."

"வீட்டுக்காரியிட்டக் கூட்டிக்கொண்டு போங்க."

அப்படித்தான் இரண்டு பெண்களும் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லில்லியன் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணகை சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் அண்டைக்கே சொல்லச் சொன்னனே. கல்யாணம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லயில்ல. தெரிஞ்சிருந்தா, முன் ரெண்டு அறையையும் விட்டுத் தந்திருப்பன். இஞ்சயே கல்யாணத்தை வெச்சிருக்கலாம். நான் வந்து அந்த மாமனிட்டச் சொல்லியிருப்பன், வீடு உங்களுக்குத்தான் எண்டு."

கண்ணகை அருமைநாயகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாசல்படியில், செருப்பைப் போடவும் இல்லாமல் உள்ளே வரவும் இல்லாமல் நின்றார். இவ்வளவு லேசான வழி இரண்டு தெருவுக்கு நடுவில் இருந்திருக்கிறது. அந்த இரண்டு தெருவையும் சந்திக்கவிடாமல் சைக்கிளில் ஓடியவர் அவர்தான்.

அன்று மாலையே தனியாக வல்லிபுரத்திடம் போனார். பொய் முழுவதும் தன்னுடையது, கண்ணகைக்கு ஒன்றும் தெரியாது என்றார். வல்லிபுரம் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"தரகர், உங்கட எந்தச் சொல்லை நான் நம்புறது? போன மாசம் சொன்னதையா, இப்ப சொல்லுறதையா?"

"இதை நம்புங்க."

"அதையும் இப்பிடித்தானே சொல்லியிருப்பீங்க."

ரதீஸுக்கு ஐப்பசியிலேயே வேறு இடத்தில், உறுதியோடு வீடு இருந்த இடத்தில், கல்யாணம் நடந்தது. பேர்சியின் பத்திரம் கார்த்திகை மழையில் வந்தது. பறங்கித் தெரு வீடு யசோதினியின் பேருக்கு எழுதப்பட்ட அன்று, கண்ணகை தரகுக் காசை உறையில் போட்டு நீட்டினாள். அருமைநாயகம் அதை வாங்கவில்லை. அவளும் இரண்டாம் தரம் நீட்டவில்லை. லில்லியன் தை மாதத்தில், வெளிநாட்டில் இருந்த மகள் மெலிண்டாவிடம் விமானம் ஏறினாள்.

அதன் பிறகு அவர் பிடித்த பேரங்களில், முதல் நாளே வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒரே வாங்கில் இருத்திவிடுகிறார். தடங்கல் ஏதும் காதில் விழுந்தால் அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் சைக்கிள் போகும். தரகு பாதியாகக் குறைந்துவிட்டது. அவரை வெட்டிவிட்டுத் தாங்களே எழுதிக்கொள்கிறவர்கள் அதிகம். கெட்ட செய்தியோடு ஓடுகிறவர் என்று மற்றத் தரகர்கள் அவருக்கு "சாவுக் கடதாசி" என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டால், "களைப்பா இரிக்கி மனே" என்பதோடு சரி.

யசோதினி தாயுடன் அந்த வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் இன்னும் அமையவில்லை. முன் அறையில் தையல் மெசின் போட்டிருக்கிறாள்.

அருமைநாயகத்துக்கு இப்போது அறுபத்தொரு வயது. கிழமையில் மூன்று நாள் நொத்தாரிசின் வாசல் வாங்கில் இருக்கிறார். மற்ற நாட்களில் செட்டிபாளையத்துக்கு அப்பால் தன் திட்டத்து வீட்டில், மனைவியுடன் இருக்கிறார். அந்த வீட்டுக்கு இன்னும் உறுதி வரவில்லை.