ஒரு பேப்பர் கனம்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, எங்கள் மகளின் கணவரான மாப்பிள்ளை, இறந்துபோன என் மகனின் மனைவி. நான்கு பேரும் இன்றும் இருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து கேட்கலாம். இல்லாததைக் கட்டிச் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறை என் மகனுடையது. சமையல் மேடைக்குச் செயற்கைக் கல் பதிப்பவர்களிடம் மிஞ்சும் துண்டுகளை வாங்கி வருவான். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், சிஎன்சி ரூட்டர் மெஷின் அதைக் கல்லில் செதுக்கும். பெயர்ப்பலகை, சோப்புத் தட்டு, சூடான பாத்திரத்துக்குக் கீழே வைக்கும் வில்லை... கையகலத் துண்டைக்கூட வீணாக்க மாட்டான்.

அவனிடம் ஒரு குறை உண்டு. மெஷினில் செதுக்கும் கூர்முனையான பிட் கல்லைத் தொடுகிறதா என்று பார்க்க, நடுவே ஒரு பேப்பர் துண்டை வைப்பான். பிறகு அந்தப் பேப்பரின் கனத்தைக் கழிக்க மறந்துவிடுவான். அதனால் அவன் எழுத்தில் எப்போதும் ஒரு பேப்பர் கனம் ஆழம் குறையும்.

"மச்சான், கண்ணுக்கே தெரியாத தப்பு பண்றதுல உன்ன அடிச்சுக்க ஆளே இல்ல" என்று மாப்பிள்ளை கேலி செய்வார்.

என்னைக் கேட்காமல் அவன் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. பிறகு வாசலுக்கு ஒரு வெள்ளைப் பலகை செய்தான். என் பெயர், அவன் அம்மா பெயர், அவன் பெயர். அடியில் வெறும் கல்.

"அவ பேரு என் வாசல்ல வராது."

"சரிப்பா. இடம் மட்டும் இருக்கட்டும்."

"ஒரு பேருக்கு எதுக்குடா ரெண்டு வரி இடம்?"

சிரித்தான். மறுநாளே அவளோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். எட்டாம் நாள் சாலை விபத்தில் போய்விட்டான். பலகை மெஷின் மேடையில் ஒட்டியபடியே கிடந்தது.

அவன் இறந்த இருபத்தாறாம் நாள். மதியம் மூன்று நாற்பது. அவன் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, அந்தப் பலகைய மட்டும் குடுங்க. அவர் கடைசியா செஞ்சது."

"முடியாது. அது இந்த வீட்டுது."

"உள்ளயாவது வரச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டது.

க்ர்ர்ர்ர்...

பட்டறையிலிருந்து. மணி மூன்று நாற்பத்திரண்டு.

மகன் போன பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பிட்டைக் கழற்றி, கதவைப் பூட்டியது மாப்பிள்ளை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"மாமா... அதுல பிட்டே இல்லையே!" என்றார் மாப்பிள்ளை.

ஓடினோம். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. சாவி பூட்டில் நுழையவில்லை.

சத்தம் நின்றது.

பிறகு...

"ஃபூ..."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வரி முடிந்ததும் மெஷினை நிறுத்தி, தூளை வாயால் ஊதுவது அவன் பழக்கம். 'மாஸ்க் போடுடா' என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

மறுபடியும்...

க்ர்ர்ர்ர்...

மூன்று ஐம்பத்தொன்று வரை சாவி நுழையவே இல்லை.

நின்றது.

இப்போது சாவி நுழைந்தது. கதவு திறந்தது.

யாருமில்லை.

சுவிட்ச் அணைந்தே இருந்தது. பிட் டப்பாவில் இருந்தது. பலகைமேல் படிந்திருந்த தூள் மட்டும்... வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு புதிய பெயர்கள். முதல் பெயர் அவளுடையது. அடுத்தது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை எழுத்துகளை விரலால் தடவினார். ஆழம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்த்தார்.

"மாமா... ஒரு பேப்பர் கனம் குறையுது."

அவள் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணு பொறந்தா வைக்கலாம்னு பேசினோம். யார்கிட்டயும் சொல்லல, அத்தை... நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்..."

அவள் கர்ப்பம் என்று டாக்டர் சொன்னது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அதுவரை அவளுக்கே தெரியாது. பிறந்தது பெண்.

பலகை இப்போது வாசலில் இருக்கிறது. மனம் இளகி நான்தான் மாப்பிள்ளையிடம் சொல்லி வெட்ட வைத்தேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பெருந்தன்மை என்கிறார்கள்.

தவறு. மூன்று நாற்பத்திரண்டு வரை அவளை நான் வாசல் தாண்ட விடவில்லை. அந்தப் பெயர்களை நான் வெட்டச் சொல்லவில்லை. அவன் உயிரோடு வந்து கேட்டபோதும் சொல்லவில்லை.