ஒரு நாளும் பேசாத மனுசன்

நாங்கள் நியூசிலாந்துக்கு வந்த புதிதில், மவுண்ட் வெல்லிங்டனில் பழைய சாமான் விற்கிற கடையொன்றிலிருந்து என் கணவர் ஒரு படத்தட்டு வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். பிரிந்துபோக முடிவெடுத்த புருஷனும் பெண்சாதியும் வீட்டுச் சாமானைப் பங்குபோட வந்து, படம் முடியுமட்டும் வாய்ச்சண்டை பிடித்து, கடைசியில் சேர்ந்துகொள்கிற காதல் கூத்து. குளியல் தொட்டிக்குள் ஒரு வாத்து வேறு. அந்தப் பெண் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவாள். அந்த வேகத்துக்கு என் ஆங்கிலம் எங்கே எட்டும்? இவர் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் தானே யாழ்ப்பாணத் தமிழில் குரல் கொடுப்பார். முத்துமாலை போட்ட அந்தச் சீமாட்டி அம்மிக்கும் குழவிக்கும் சண்டை பிடிப்பாள். நான் வயிறு நோகச் சிரிப்பேன். படத்தில் உண்மையாக என்னதான் சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன செய்ய?

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அதையாவது தாங்கியிருப்பேன். அவருடைய குரலும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளை, மரியாதையான குரல். "உங்க வீட்டுக்காரர் வீட்ல நிறைய பேசுவாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுரீரென்றது. எங்கள் பக்கத்தில் கதைப்பதுதான் கதைப்பது, பேசுவதென்றால் ஏசுவது. வேறு நாளென்றால் எனக்கும் பிடிபட்டிருக்கும். அன்றைக்கு மூளை ஓடவில்லை. படுத்துக் கிடக்கிற மனுசனைப் பற்றி இப்படியும் கேட்பார்களா என்றுதான் இருந்தது.

"ஒரு நாளும் பேசமாட்டார். தங்கமான மனுசன்" என்றேன்.

பிறகு த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வரத் தொடங்கினாள். படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பி, தண்ணீரா, கழிப்பறையா, விரலால் காட்டு என்பாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிழமைக்குக் கிழமை இதே கதை. வாயைத் திறக்கப் பழக்க மாட்டாளா என்று மகளைக் கொண்டு கேட்பித்தேன். மகள் இங்கே பிறந்தவள். அவளுக்கு வந்த பதிலைக் கேட்டு நான் ஆடிப்போனேன். அப்பா முந்தியும் வாய் திறக்காத ஆள்தானாம், ஆஸ்பத்திரியில் மனைவியே சொன்னாராம், அவருக்கு அட்டை போதுமாம். அதையும் அவர் தொடாதபடியால் இந்த மாதத்தோடு வருவதை நிறுத்தப்போகிறார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக வந்தன. என் மனுசன் நித்திரையிலும் கதைத்தவர், ஏசியதுதான் இல்லை என்று மகளுக்குச் சொல்லி, மகள் அவளுக்குச் சொல்லி, ஒருவழியாக விளங்கியது. அவளுடைய முகம் சிவந்துவிட்டது. அவருக்கு எதைப் பற்றிக் கதைக்கப் பிடிக்கும் என்று கேட்டாள்.

நான் அந்தப் படத்தைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்தேன். சண்டை தொடங்கியதும் அந்தப் பெண்ணுக்கு நான் குரல் கொடுத்தேன். முதலில் படத்துக்குத்தான் கொடுத்தேன். பிறகு என் வாய் என் சொல்லைக் கேட்கவில்லை.

"ஓம், பிரிஞ்சு போங்கோ. எல்லாத்தையும் என்ர தலையில போட்டிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. இந்த வீட்டில இனி நான் ஆரோட கதைக்கிறது?"

அதற்குமேல் முடியவில்லை. அவருடைய இடது கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. வாய் கோணியது, எச்சில் வழிந்தது.

"பே... சும்" என்றார்.

மகள் துள்ளி எழும்பி, அப்பா பேசச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் அட்டைகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, இனி அட்டை வேண்டாம், தொடர்ந்து வருகிறேன் என்றாள். என்னை அவர் எப்போதும் நீர் போட்டுத்தான் கதைப்பார். பேசு என்றில்லாமல் பேசும் என்று அந்த மரியாதையும் கூடவே வந்திருந்தது. எனக்குத்தான் தெரியும், அவர் கதைக்கச் சொல்லவில்லை; ஏசும், இன்னும் ஏசும் என்கிறார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். எனக்கு ஏச ஒரு சொல்லும் வரவில்லை.