எட்டும் தூரத்தில் ஒரு கப்பல்

துறைமுகத்தில் எல்லோரும் அவளைப் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கும் ராட்சதக் கிரேனை அவள் ஓட்டுகிற வேகம் அப்படி. பிழைக்க வந்த நாட்டில் நல்ல பெயர் எடுத்திருந்தாள். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பதே குதிரைக்கொம்பு. இந்த முறை கிடைத்திருந்தது. அதற்குள் எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொள்ள, கடல்வழி அடைபட்டு, அவருடைய கப்பல் கண்டத்தையே சுற்றிக்கொண்டு போனது. அவள் மட்டும் தனியாக ஊருக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் திரும்பினாள்.

பிறகு ஒருநாள் அவர் போன் செய்தார். "உன் துறைமுகத்துக்குத்தான் வர்றோம்!"

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறைத் தோழியை வேறு இடத்தில் தங்கச் சொல்லிவிட்டு, புதுத் தலையணை உறை வாங்கி மாட்டினாள்.

கப்பல் வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. கப்பல் கடைசியாகத் தொட்டது இந்த நாட்டுக்கு ஆகாத ஒரு நாட்டின் துறைமுகமாம். பாதுகாப்பு கருதி யாரும் இறங்கக் கூடாது, யாரும் ஏறவும் கூடாது. ஏணியடியில் துப்பாக்கியோடு காவலர் நின்றார்.

சரக்குக்கு மட்டும் தடையில்லை. அதை இறக்க அவளையே அனுப்பினார்கள்.

கிரேன் கூண்டின் கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். சமையலறைக் கதவருகே அவர் அண்ணாந்து நின்றார். இளைத்திருந்தார். கையை ஆட்டினார். அவள் கைகள் இரண்டும் லிவரில் இருந்தன.

அன்று புயல் தென்றலாகிவிட்டது.

"என்னம்மா, இன்னிக்கு ரொம்ப மெதுவா போகுது?" வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் கேட்டார்.

"காத்து அடிக்குதுங்க சார்."

காற்று துளியும் இல்லை. அது அவருக்கும் தெரியும். "சரி, பார்த்து இறக்கும்மா" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் கரையோரம் நின்று போன் போட்டாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான்.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"இவ்வளவு நாள் கழிச்சுப் பார்க்கிறீங்க. முதல்ல இதைத்தான் கேக்கணுமா?"

"சமையல்காரன் வேற என்னத்தக் கேப்பான்?"

சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே கேட்டாள். "எப்ப வருவீங்க?"

"மாத்து ஆளுக்கு விசா கிடைக்கலையாம். கிடைச்சாதான் என்னை விடுவாங்க."

"தலை நரைச்சிருக்கு."

"அங்கேருந்து தெரியுதா?"

"எல்லாம் தெரியுது."

அந்தி சாய்வதற்குள் கடைசிக் கன்டெய்னரும் இறங்கியது. கப்பலின் கயிறுகளை அவிழ்த்தார்கள். அவளுடைய ஷிப்டும் முடிந்திருந்தது. ஆனால் கூண்டிலிருந்து பார்த்தால்தான் கடல் வெகுதூரம் தெரியும். கப்பலின் பின்பக்கம் நின்றிருந்தவர் விரலளவு ஆனார், பிறகு புள்ளியானார்.

அடுத்த ஷிப்டுக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டினார். "இறங்கலையாக்கா?"

"இன்னும் தெரியுதுப்பா. கொஞ்சம் இருக்கேன்."

அவர் வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.