கடைசி சீட்டுக்கு ஒரு பாயிண்ட்

காதர் பாய் போய்விட்டார்.

காலையில் செல்விதான் போன் செய்தாள். "தூக்கத்துலயே போய்ட்டாராம்ணா..." பழவேற்காட்டில், மகள் வீட்டில். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

சட்டை மாட்டியாயிற்று. பஸ் வர நேரம் இருக்கிறது. அதற்குள் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... இரண்டாயிரங்களில் ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு எங்களை ஏற்றிச் சென்ற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். நான் அங்கே ஃபிட்டர். செல்வி பேக்கிங் செக்‌ஷன்.

வழியில் ஒரு ரயில்வே கேட். காலை ஷிப்டுக்குப் போகும்போது அது திறந்திருந்து நான் பார்த்ததில்லை. பாய் இன்ஜினை அணைத்துவிட்டு கேசட்டைப் போடுவார். பாட்டின் முதல் மியூசிக் மட்டும் ஓடும். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் பட்டனை அமுக்கிவிடுவார்.

என்ன பாட்டு என்று சொன்னால் ஒரு பாயிண்ட். முதலில் வரும் வாத்தியம் எது என்று சொன்னால் இன்னொன்று. கேட் திறக்கும்போது யார் ஜெயித்திருக்கிறாரோ அவருக்கு டிரைவர் பக்கத்து ஒற்றை சீட். மறுநாள் எந்த கேசட் என்பதும் அவர் இஷ்டம்.

எனக்கு சங்கீதம் யாரும் சொல்லித் தரவில்லை. ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நானாகக் கற்றது. அந்த ஒற்றை சீட்டில் அதிக நாள் உட்கார்ந்தவன் நான்தான். சந்தேகம் இருந்தால் செல்வியைக் கேளுங்கள்.

பிறகு அந்த ஒரு நாள்...

பாட்டைச் சரியாகச் சொன்னேன். வாத்தியம் ஷெனாய் என்றேன். பாய் தலையை ஆட்டினார். "தப்பு. நாயனம்."

"நல்லா கேளு பாய். ஷெனாய்."

"எங்க தர்கா சந்தனக்கூட்டுல வருசா வருசம் நாயனம் கேட்டு வளந்தவன் நானு. என்கிட்டயே சொல்றியா நைனா?"

"அதான் பேஜாரு. நாயனத்தையே கேட்டுக்கினு இருந்தா, எத ஊதுனாலும் நாயனமாதான் கேக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. கேட் திறந்தது. அந்த ஒரு பாயிண்டில் சீட் செல்விக்குப் போனது.

பஸ்ஸுக்குள் டிரைவர் சொல்வதுதான் தீர்ப்பு. சரி. தப்பான தீர்ப்பும் தீர்ப்பா? இனி ஆட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து கடைசி சீட். மெஷின் சத்தத்துக்கு கம்பெனியில் கொடுப்பார்களே, அந்த இயர் பிளக் இரண்டு காதிலும். அது இறுக்கமாக நிற்காது. அது என் குற்றமில்லை.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் கேசட் நின்றதும் யாருக்கும் பதில் தெரியவில்லை. பாய் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "கடைசி சீட்டுக்கு ஒரு பாயிண்ட்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் இன்னும் வாயே தொறக்கலியே பாய்."

"காத அடைச்சிக்கினா ஒதடு மட்டும் எப்டி நைனா பாடுது?"

அதற்காக நான் முன்னால் போய்விடவில்லை. ஆனால் தினமும் கடைசி சீட்டுக்கு ஒரு பாயிண்ட் வந்துகொண்டே இருந்தது.

கேமரா போன் வந்த சமயம். செல்வி ஒன்று வாங்கியிருந்தாள். கேன்டீன் சாம்பாரில் நாங்கள் பருப்பைத் தேடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். ஒரு சோகப் பாட்டு மெட்டில் பாய் வரி கட்டினார். 'பருப்பே, நீ போன பாதை எது...' என்று போகும். சுருதியோடு பாட ஆள் இல்லை. கடைசி சீட் வரை நடந்து வந்தார்.

"பாடு நைனா."

"ஷெனாய்னு ஒத்துக்கோ. பாடறேன்."

"இப்ப பருப்புக்காவ பாடு. ஷெனாய்க்கு அப்பால சண்ட போட்டுக்கலாம்."

பாடினேன். பருப்புக்காக. பாய் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். செல்வி எடுத்த அந்த வீடியோ புளூடூத்தில் போன் போனாகப் போய், மூன்றாம் நாள் கேன்டீன் கான்ட்ராக்டர் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே சாம்பார் கெட்டியானது. எனக்கு மட்டும் மேலாக மொண்டு ஊற்றினார்கள். ஊருக்கெல்லாம் பருப்பு, பாடினவனுக்குத் தண்ணீர். இதையும் நான் மறக்கவில்லை.

பாய் ரிடயர் ஆகி பழவேற்காடு போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. எங்கள் பஸ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஞாயிறு காலை மியூசிக்கை வெட்டி பாய் அனுப்புவார். இப்போது பேரப்பிள்ளைகள்கூடப் பதில் சொல்கிறார்கள். நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. அங்கே கண்ணாடி கிடையாது, என் உதடும் அவருக்குத் தெரியாது. இருந்தாலும் வாராவாரம் கடைசியில் ஒரு வரி போடுவார்... 'கடைசி சீட்டுக்கு ஒரு பாயிண்ட்.'

நோன்புக்கு முன்னால் போனில் பேசினோம். "நோன்பு முடிஞ்சதும் வா நைனா. ரெண்டு பேரும் ஒக்காந்து அந்தப் பாட்டக் கேட்டு முடிச்சிக்கலாம்."

அவர் வாயால் ஒரே ஒரு தடவை 'ஷெனாய்' என்று கேட்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பாட்டைப் போனில் ஏற்றி வைத்தேன். நோன்பும் முடிந்தது. மூட்டு வலி என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். வலி இருந்தது உண்மை. போயிருக்கலாம் என்பதும் உண்மை.

ஷெனாயும் நாயனமும் ஒரே மாதிரிதானே என்று யாரும் கீழே கமெண்ட் எழுத வேண்டாம். ஒரே மாதிரி இல்லை.

இன்று காலை போனை வைக்கும்போது செல்வி கேட்டாள். "இனிமே ஞாயித்துக்கெழம யாருணா பாட்டு போடுவாங்க?"

நான் போடுகிறேன். வருகிற ஞாயிறு, அதே நேரம். முதல் கேள்வி அந்தப் பாட்டுதான்.

நாயனம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பாயிண்ட் தருவேன்.

பதில் ஷெனாய்.

பஸ் வந்துவிட்டது. வரேன் பாய்.