நட்சத்திரம் தெரிந்தால்தான் கஞ்சி குடிப்பேன் என்ற அமெரிக்கர்

இன்று ஆபீஸ் இஃப்தாரில் எல்லோரும் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டோம். ஒருவர் மட்டும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அவரை மைக் என்று வைத்துக்கொள்வோம். (அது அவர் பெயர் இல்லை. ஏன் என்று போகப்போகப் புரியும்.)

அமெரிக்கர். இங்கே வளைகுடாவில், அல் கூஸில் இருக்கும் எங்கள் பைப் கம்பெனி வேர்ஹவுஸுக்கு சாஃப்ட்வேர் போட வந்தவர். நல்ல உயரம். வாயைத் திறந்தால் ஜோக்.

ரமலான் பிறந்ததிலிருந்து என் வீட்டுக்காரி ஜமீலா தினமும் ஒரு வாளி நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். கறி போட்டது எங்களுக்கு. கறி போடாமல் ஒரு சின்ன டப்பா மைக்குக்கு. "இறைச்சி மட்டும் வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். (அமெரிக்காவிலும் சைவப் பிள்ளை இருக்கிறார் போல!)

நேற்று சாயங்காலம் டிவியில் செய்தி. இடிந்த வீடுகள், அழுகிற பெண்கள்.

எங்கள் மேனேஜர் ஹிஷாம் பாலஸ்தீனர். அவர் அப்பா விட்டுவிட்டு வந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"யூதனுங்க மொத்தப் பேரும் இப்படித்தான்! ஒருத்தன்கூட மனுசன் இல்ல!"

எப்போதும் ஜோக் அடிக்கிற மைக் எழுந்து பேன்ட்ரிப் பக்கம் போய்விட்டார்.

பாங்கு சொன்னதும் மைக்கிடம் பேரீச்சம்பழத்தை நீட்டினேன். வேண்டாம் என்றார். கஞ்சி? வேண்டாம். தண்ணீர்? அதுவும் வேண்டாமாம்.

ஆனால் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பேன்ட்ரி கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக ரொட்டி தின்றதை நான் பார்த்தேனே! ஜமீலா கஞ்சிக்கு என்னய்யா குறை? எனக்கு ரோஷமே வந்துவிட்டது.

இன்று காலையில் கோட்டு சூட்டு போட்டு, காலில் மட்டும் துணி ஷூவோடு வந்தார். ஷேவ் செய்யவில்லை. காபி மெஷின் பக்கமே போகவில்லை.

ஸ்டோரில் இருக்கும் அரியலூர் முருகேசன் என்னை ஓரமாக இழுத்தார்.

"பாய், ஆளைப் பாத்தீங்களா? கறி கெடையாது. தோல் ஷூ கெடையாது. ஷேவிங் கெடையாது. மாலை போட்டிருக்காரு பாய்!"

"யோவ், கார்த்திகையே இன்னும் பொறக்கலையேய்யா!"

"அமெரிக்காவுல முன்னாடியே ஆரம்பிப்பாங்களோ என்னமோ."

மத்தியானம் மைக் படிக்கட்டில் தனியாக மாட்டினார். முகம் வாடிப்போயிருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்ல. இன்னிக்கு எங்க நோன்பு. தண்ணி, ஷேவிங், தோல் ஷூ எதுவும் கூடாது. நேத்து சூரியன் மறையறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. இன்னிக்கு நல்லா இருட்டினப்புறம்தான் முடியும்."

"எங்க நோன்புன்னா?"

மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்தார். "நான் யூதன்."

வாயில் வந்ததைக் கேட்டேன்: "அட, மூஸா நபியோட ஆளா நீங்க?"

அவ்வளவு பசியிலும் சிரித்துவிட்டார் மனுஷர்!

"லீவு போட்டிருக்கலாமே?"

"போடலாம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னன்னு எழுதறது? கையெழுத்துப் போடறது ஹிஷாம். நேத்து கேட்டீங்கல்ல? அவருக்குத் தெரிஞ்சா இந்த வேலை போயிடும்."

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் இஃப்தார் வந்துவிட்டதே!

பாங்கு முடிந்தது. எல்லோரும் கஞ்சியும் வடையுமாக இருக்க, மைக் டப்பாவைத் திறக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹிஷாம் கவனித்துவிட்டார்.

"நேத்தும் சாப்பிடல, இன்னிக்கும் சாப்பிடல. என் மேல ஏதாவது கோபமா?"

"வயித்துக்குச் சரியில்லையாம்!" என்று நான் முந்திக்கொண்டேன்.

மைக் என் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல, பாய். ஹிஷாம், மூணு நட்சத்திரம் தெரியணும். அப்பதான் எங்க நோன்பு முடிஞ்சதா கணக்கு."

ஹிஷாம் அவரையே பார்த்தார். "நீ யஹூதியா?"

"ஆமா."

முருகேசன் வாயில் வடை அப்படியே நின்றுவிட்டது. ஹிஷாம் எழுந்தார். கதவை டமால் என்று சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போச்சு, எச்.ஆருக்குத்தான் போன் போடப் போகிறார் என்று நினைத்தேன். மைக் லேப்டாப்பை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

திடீரென்று வெளியே யார்டில் இருந்த பெரிய விளக்குகள் எல்லாம் அணைந்தன.

இருட்டுக்குள்ளிருந்து ஹிஷாமின் குரல்: "யல்லா, வெளிய வா! அந்த லைட்டு வெளிச்சத்துல உனக்கு எந்த நட்சத்திரம் தெரியும்?"

ஓடினோம். பைப் அடுக்குகளுக்கு நடுவில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அல் கூஸ் புழுதியில் நட்சத்திரம் கிடைப்பது லேசா? ஒன்று கிடைத்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

"அதோ மூணாவது!" என்று கத்தினார் முருகேசன்.

அது நகர்ந்தது.

"அது ஃபிளைட்டுய்யா!"

கடைசியில் மூன்றாவதைக் கண்டுபிடித்தது ஹிஷாம்தான். கிரேனுக்கு மேலே விரலை நீட்டிக் காட்டினார். மைக் அங்கேயே நின்றபடி டப்பாவைத் திறந்து, ஆறிப்போன கஞ்சியைக் குடித்தார்.

ஹிஷாம் சொன்னார்: "என் கோபம் போகல. எங்க வீடு எங்க வீடுதான். ஆனா நேத்து நான் சொன்னது உன்னை இல்ல."

"மொத்தப் பேரும்னு சொன்னீங்களே."

ஹிஷாம் தலையாட்டினார். "சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

பிறகு மேனேஜர் குரலில்: "அடுத்த வருசம் இந்த நாளைக்கு லீவு கேளு. காரணம் எழுதாத. நான் கையெழுத்துப் போடறேன். கலாஸ், முடிஞ்சது!"

வீட்டில் ஜமீலாவிடம் சொன்னேன். "ஒரு ராவும் ஒரு பகலும் பட்டினி கெடந்த மனுசனுக்கு அந்தச் சின்ன டப்பாவா?" என்று எனக்குத்தான் திட்டு.

இதை எழுதலாமா என்று மைக்குக்குப் போன் செய்து கேட்டேன். "தமிழ்லதானே? ஆபீஸ்ல உங்களையும் முருகேசனையும் தவிர யாருக்குத் தமிழ் தெரியும்? எழுதுங்க" என்றார்.

எங்கள் எச்.ஆர் சேச்சி பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே வாசிப்பார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சேச்சி, நீங்கள் இதைப் படித்திருந்தால், அந்த லீவு ஃபார்ம் வரும்போது காரணம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ப்ளீஸ்!