சீல் உடையாத மதர்போர்டு

வீட்டுக்கு ஒரு கணினி செய்துகொள்ள மூன்று கடைகளில் எழுத்துமூலம் விலைப்புள்ளி கேட்டவன் திருநெல்வேலியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாமவர் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்ற தகவலும் சேர்ந்தே கிடைத்தது. மூன்றாமவர்தான், "லெட்டர்பேடுல வேணுமா அண்ணாச்சி, சீல் வைக்கணுமா?" என்று கேட்கவேண்டியதைக் கேட்டார். வேலை அவருக்கே போனது.

பாசனத் துறை அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். மதகுக்குப் பூசும் கிரீஸிலிருந்து வெள்ளத்துக்கு அடுக்கும் மணல்மூட்டைச் சாக்கு வரை முறைப்படி வாங்கியிருக்கிறேன். சில தடவை வெள்ளம் வடிந்த பிறகு சாக்கு வந்ததுண்டு. ஆனால் கோப்பில் ஒரு குறை இருக்காது.

கணினி எனக்கில்லை, என் மனைவிக்கு. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். மற்ற பெண்கள் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வார்களோ தெரியாது. இவள் விமானம் ஓட்டுகிறாள். கணினியில்தான். உலகத்தின் நிலத்தையும் நீரையும் மேலிருந்து தெரிகிற மாதிரியே வைத்திருக்கும் ஒரு சிமுலேட்டர் அது. 'கேம்' என்று சொன்னால் அன்று இரவு உப்புமாதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பல நாட்டுக்காரர்கள் பதினான்கு பேர் ஒன்றுகூடி வரிசையாகப் பறப்பார்கள். வாரம் ஒருவர் தனக்குத் தெரிந்த பாதையில் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வருவார்கள். எட்டு மாதம் காத்திருந்து இவளுக்கு முறை வந்தது. பாபநாசம் மலையிலிருந்து தாமிரபரணியோடு இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேர்வது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதை ஒத்திகை பார்த்தபோதுதான் வினை. வீட்டிலிருந்த கணினி பழையது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே வந்ததும் விமானம் ஆகாயத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஒத்திகைக்கு வந்த இரண்டு பேருடைய விமானங்கள் இவளுடையதற்குள் புகுந்து மறுபக்கம் போயின. அதில் ஒருவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவராம். "ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள்" என்று மிகப் பரிவாகச் சொன்னார். அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"லைன்ல ஆள காக்க வச்சு எனக்குப் பழக்கமில்ல. பின்னால பதிமூணு பேரு வரும்போது நான் அந்தரத்துல நின்னா நல்லாவா இருக்கும்? வரலன்னு இப்பமே சொல்லிருதேன்."

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. நல்லதா ஒண்ணு நாமளே செஞ்சிருவோம். முறைப்படி செஞ்சா மூணு வாரம்."

"முறைப்படியா?" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அவளுடைய சந்தேகம் முழுவதும் இருந்தது. நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கணினி செய்வதில் கஷ்டம் பொருள்களை வாங்குவதில் இல்லை, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்தான் இருக்கிறது. ப்ராசஸர் உட்காரும் குழி மதர்போர்டில் அதற்கென்றே இருக்கவேண்டும். ஒரு தலைமுறை தள்ளினால் குழியின் வடிவமே வேறு. ராம் பட்டையின் நடுவிலிருக்கும் வெட்டு அரை விரல் இடம் மாறியிருந்தாலும் உள்ளே இறங்காது. கிராஃபிக்ஸ் கார்டு இப்போதெல்லாம் செங்கல் பருமனுக்கு வருகிறது. அது கேபினெட்டுக்குள் நீளத்தில் அடங்கவேண்டும், அதன் பசிக்கு எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் கொடுக்கவேண்டும். ப்ராசஸருக்கு மேலே நிற்கும் கூலர் உயரமாக இருந்தால் பக்கத்துக் கதவு மூடாது.

நான் முழுத்தாளில் ஒரு கட்டப் பட்டியல் போட்டேன். மேலே எட்டுப் பொருள், பக்கத்தில் அதே எட்டுப் பொருள். ஒவ்வொரு கட்டத்திலும் இதற்கும் அதற்கும் ஒத்துவருமா என்று பார்த்து, ஆதாரத்தைக் குறித்துச் சுருக்கொப்பம் இட்டேன். ஒரு கேபினெட் பார்க்க நன்றாக இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போதவில்லை என்பதால் நிராகரித்தேன். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஓய்வு பெற்றபின் நான் நிராகரித்த முதல் டெண்டர் அது.

என் மனைவி பட்டியலை எட்டிப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்கலியேங்க."

"அதான் தெரியுதே" என்றேன்.

"யு.பி.எஸ். எங்க?"

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி அது. உடனடித் தேவை அல்ல, ஒத்திவைக்கலாம் என்று குறிப்பெழுதி அதை அடித்திருந்தேன். இரண்டு நாள் கழித்து மேசைக்கடியில் ஒரு யு.பி.எஸ். இருந்தது. தன் பென்ஷனில் வாங்கியிருக்கிறாள். ஒரே ஒரு கடை, விலைப்புள்ளியும் கிடையாது. முறைகேடு என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறையிலிருந்து நல்ல வாசனை வந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

கடைக்காரர் மேலப்பாளையத்துக்காரர். பதினைந்து வருடம் துபாயில் கணினி பழுது பார்த்துவிட்டு வந்து ஜங்ஷன் பக்கம் கடை போட்டிருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சரக்கு எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் கேட்டேன். "இன்ஷா அல்லாஹ், புதன்கெழம" என்றார். ஒப்பந்தக்காரர்கள் எனக்குத் தந்த எத்தனையோ தேதிகளில் இந்த அளவு நேர்மையான தேதியை நான் பார்த்ததில்லை. சரக்கு வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு நான்கு மணிக்கு அவள் பறக்கவேண்டும். மூன்று வாரம் என்று நான் சொன்ன வேலை நான்கு வாரம் ஐந்து நாளைத் தின்றிருந்தது.

"அண்ணாச்சி, மதர்போர்டு பொட்டிய இங்கன வச்சே தொறந்து ஒரு அப்டேட் போட்டுத் தந்துருதேன். அஞ்சு நிமிஷ சோலி" என்றார் கடைக்காரர்.

"தொறக்கக் கூடாது பாய். சீல் உடையாமத்தான் நான் வாங்கணும். பெறுதவன்தான் தொறந்து பாக்கணும். அதான் முறை."

"அதுக்கில்ல அண்ணாச்சி, உங்க ப்ராசஸர் கொஞ்சம் புதுசு..."

"ஒத்துவரும்னு கம்பெனிப் பட்டியல்லயே போட்டுருக்கு. நான் பாத்துட்டேன்."

"சரி அண்ணாச்சி, பைய பாத்து மாட்டுங்க" என்று பெட்டியைத் தள்ளினார். ரசீதில் 'சீல் உடைக்கப்படாத நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசைமேல் பழைய வேட்டியை விரித்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். குழியில் ப்ராசஸர் உட்கார்ந்தது. ராம் 'டக்'கென்று இறங்கியது. கிராஃபிக்ஸ் கார்டு கேபினெட்டில் எட்டு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நின்றது. கதவு மூடியது. அவளுடைய சிமுலேட்டர் இருந்த எஸ்.எஸ்.டி.யைப் பழைய கணினியிலிருந்து கழற்றி இதில் மாட்டுவது கடைசி இனம். புதியது ஓடுகிறது என்று உறுதிசெய்த பிறகே அது. எனவே பெட்டியை அவளுடைய மேசைக்குத் தூக்கிவந்து, வயர்களைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். ராமை இடம் மாற்றினேன். என் பட்டியலில் அத்தனை கட்டத்திலும் சுருக்கொப்பம் சரியாக இருந்தது. ஞாயிறு காலை மூன்றாம் முறை கழற்றும்போது அவள் எதிரில் உட்கார்ந்து, மதர்போர்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ப்ராசஸருக்கு நேரா என்னமோ நம்பர் போட்டு, அதுலேர்ந்துதான் ஏத்துக்கிடும்னு இருக்கு. நம்ம போர்டுல என்ன நம்பர் ஒட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். குறைவான எண்.

விஷயம் இதுதான். மதர்போர்டுக்குள் சின்னதாக ஒரு நிரல் இருக்கிறது. எந்தெந்த ப்ராசஸரை ஏற்கலாம் என்ற பட்டியல் அதில்தான். எங்கள் போர்டைப் பெட்டியில் அடைத்து சீல் வைத்த பிறகுதான் எங்கள் ப்ராசஸர் சந்தைக்கு வந்திருக்கிறது. ஏற்கலாம் என்ற திருத்த ஆணை தலைமையகத்தில் பிறப்பிக்கப்பட்டுவிட்டது. சார்நிலை அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. கைக்கு வராத ஆணையை நம்பி யாரையும் பணியில் சேர்க்க முடியாது. போர்டு செய்தது முழுக்கச் சரி. அதன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் போடுகிறேன் என்றது அந்த ஆணையைத்தான்.

"போன் போடுங்க" என்றாள். எடுக்கத் தயங்கினேன். "இல்லன்னா நாலு மணிக்கு நான் வரலன்னு அவங்களுக்கு எழுதணும். எதுன்னு சொல்லுங்க." அவள் குரல் உயரவில்லை. மேற்பார்வையாளர் குரல். போட்டேன்.

அவர் திசையன்விளையில் ஒரு கல்யாண வீட்டில், சகனில் உட்கார்ந்திருந்தார். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. அதனால் என் வழக்கு நான்கு பேர் கொண்ட அமர்வுக்குப் போனது.

"சொல்லுங்க அண்ணாச்சி! நெய்ச்சோத்துல கை வச்சிட்டேன், ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்."

"யாரு மச்சான்?" என்று ஒரு குரல்.

"திருநவேலி அண்ணாச்சி. மூணு கொட்டேஷன் கேட்டாகள்லா, அவுக."

"ஓ, அவுகளா!" என்றது மூன்றாவது குரல். திசையன்விளை வரை என் புகழ் போயிருந்தது.

"பாய், டிஸ்ப்ளே வரல. அப்டேட் போடணும்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் பொட்டியத் தொறக்க விடல. தப்பு என்னுது."

முப்பத்துநான்கு வருடத்தில் 'கவனக்குறைவால்', 'பணிப்பளுவால்' என்ற சொற்களைச் சேர்க்காமல் இந்த வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை. 

"அத விடுங்க அண்ணாச்சி. மதினிக்கு எத்தன மணிக்குப் பறக்கணும்?"

"நாலு."

"இப்பம் ஒண்ணுதான ஆவுது. பொட்டிக்குப் பின்னால, பென் டிரைவ் சொருகுத எடத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பட்டன் இருக்கா?"

இருந்தது. என் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கம்பெனியின் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, அவர்கள் சொல்லும் பெயரை அதற்கு வைத்து, பென் டிரைவில் போட்டுச் சொருகி, பட்டனை மூன்று வினாடி அழுத்தவேண்டும். விளக்கு சிமிட்டும். சிமிட்டி நிற்கும்வரை எதையும் தொடக்கூடாது.

"கரண்ட் போவாமப் பாத்துக்கிடச் சொல்லு மச்சான். எங்க தெருவுல ஒருத்தன் போர்டு அப்படித்தான் செத்துது."

"ஏலே, கல்யாண வீட்டுல இருந்துக்கிட்டு சாவப் பத்திப் பேசுதியே! கறிய இங்கன தள்ளு. அண்ணாச்சி, நீங்க அழுத்துங்க, இன்ஷா அல்லாஹ் வந்துரும்."

பழைய கணினி அந்தக் கோப்பை இறக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. தனக்குப் பதிலாக ஒருத்தன் வந்திருக்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. பெயர் வைத்தது அவள். பட்டனை அழுத்தியது நான். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகி நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

மேசைக்கடியில் 'பீப், பீப்' என்று சத்தம். அவள் பென்ஷன். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவள் யு.பி.எஸ்.ஸைக் காலால் ஒரு சாண் வெளியே தள்ளினாள், எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

விளக்கு நின்றது. பிறகு கரண்டும் வந்தது. மூன்றேகாலுக்குத் திரையில் எழுத்து வந்தபோது நாங்கள் இருவரும் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். எஸ்.எஸ்.டி.யை மாற்றி அவள் ஹெட்போனை மாட்டியபோது நான்கு அடிக்க எட்டு நிமிடம்.

தூத்துக்குடி ஓடுதளத்திலிருந்து மேற்கே போய், மலையடியில் திரும்பி, ஆற்றைப் பிடித்தாள். பின்னால் பதிமூன்று பேர். நான் பக்கத்தில் உட்கார்ந்து அணைக்கட்டுகளை வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கிரீஸ் வாங்கியவன் அல்லவா. விக்கிரமசிங்கபுரத்து மில் கூரையைக் காட்டியவள், இங்கே நூல் நூற்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய அந்த ஆபரேட்டர் குரலைக் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று. பாளையங்கோட்டை வந்ததும் எங்கள் தெருவைத் தேடினேன். வீடு இருந்தது. ஆனால் அதற்கு இரண்டாவது மாடி ஒன்று கட்டப்பட்டிருந்தது.

"அனுமதி வாங்காம மாடி எடுத்திருக்காங்க பாரு!"

மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். "நாளைக்கு மனு போடுங்க. இப்பம் அடுத்த அணை எது?"

மருதூர். அதன் பிறகு ஸ்ரீவைகுண்டம். ஒத்திகையில் விமானம் நின்றுபோன இடம், ஆற்றுப் பாலம் தெரிந்தது. மேசைக்குக் கீழே அவளுடைய கால் என் காலை மிதித்துக்கொண்டிருந்தது. அதை அவள் அறிந்திருக்கமாட்டாள். பாலம் கீழே வந்தது, அணை வந்தது, ஆறு வளைந்தது. எதுவும் நிற்கவில்லை. பதினான்கு விமானங்களின் நிழல்களும் வாழைத்தோட்டங்கள்மேல் ஒழுங்காக ஊர்ந்து போயின.

"லைன்ல இருக்கீங்களா எல்லாரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பதிமூன்று குரல் பதில் சொன்னது. பல் மருத்துவர் குரல்தான் கடைசி. அவர் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்.

"ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள்" என்றாள் என் மனைவி, மிகப் பரிவாக.