ஒரு வேண்டுதலுக்கு ஒரு தலை

என் தாய்மாமன் பொய்யர். வீட்டுக்குள் சொல்லி மறந்துவிடுகிற சின்னப் பொய் இல்லை. வேளாங்கண்ணியில், மொட்டை போடுகிற கொட்டகைக்கு முன்னால் நின்று, மாதாவின் பெயரைச் சொல்லி, என் அம்மா அப்பா முகத்தைப் பார்த்தே கூசாமல் சொன்ன பொய். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தார்கள். அவர்களுக்கு முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் இடுப்பொடிந்தது. இவர்களுக்குக் கல்லில் ஒடிந்தது. எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம் அதுதான்.

எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒரே ஒரு பொருள் இருந்தது. என் தலைமுடி. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பின்னல் நுனி தரையில் கிடக்கும். தினமும் சுரங்கத்துக்குப் போகும் முன் அம்மா என்னை இழுத்து உட்காரவைத்துச் சீவிப் பின்னுவாள். சீவும்போது திட்டுவாள். முடியைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள், மேஸ்திரியைத் திட்டுவாள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. ஒரு நாளில் அம்மாவின் கை என்மேல் பட்டது அந்தக் காலை நேரத்தில் மட்டும்தான். முடியை நான் அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால், அழகாக இருக்கிறது, அதனால்தான் என்று சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் வெயில் ஏறிய நேரத்தில் நாலு வயதுத் தம்பிக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு நாள் கண் செருகி, கூப்பிட்டதற்குப் பதிலே இல்லை. அம்மா வராந்தாவில் மண்டியிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வேளாங்கண்ணித் தாயே, எம் புள்ளயக் குடுத்துடு. எம் மவ முடிய ஒனக்குத் தந்துடறேன்."

மறுநாள் தம்பி கண் திறந்து இட்லி கேட்டான். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் காரணம் வேறு. அம்மா ஏன் தன் முடியைச் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம். கேட்டும் விட்டேன்.

"எந் தலையில என்னடி இருக்கு? எலி வாலு மாதிரி இத்துணூண்டு. மாதாவுக்குக் குடுக்கறதுன்னா இருக்கறதுலயே நல்லதாத்தான் குடுக்கணும்" என்றாள்.

தம்பி வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லாரி டிரைவர். விஜயவாடா பக்கம் லோடு ஏற்றிப் போனவர், ஒரு மாதத்துக்கும் மேலாக ஆளைக் காணோம். ஒரு கூடை மாம்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். தம்பியைப் பார்த்ததும் கூடையைத் தொப்பென்று வைத்தார். "என்னடா மாப்ள, ஏண்டா இப்படி நாராப் போயிட்ட?" என்றார். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், வேண்டுதல் உட்பட. மாமா தரையில் உட்கார்ந்து கேட்டார். நான் மூன்றாவது மாம்பழத்தில் இருந்தேன். அவர் கேட்ட கேள்வியும் என் காதில் விழுந்தது, அம்மா சொன்ன பதிலும் விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்?

மாமாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்கும் முடி உண்டு. காதை மூடிக் கழுத்தில் புரளும் முடி. பேன்ட் பின்பையில் எப்போதும் சீப்பு. லாரிக் கண்ணாடியில் சாலையைப் பார்த்ததைவிடத் தன் தலையைப் பார்த்ததுதான் அதிகம் என்று அப்பா கிண்டல் செய்வார். உடையார்பாளையத்தில் அவருக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் பூ வைப்பதாகப் பேச்சு. அந்தப் பெண்ணை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பது சீப்பு எடுக்கிற வேகத்திலேயே தெரியும்.

வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது என்று அம்மா நின்றாள். மாமா லாரி முதலாளியிடம் போய், ஒரு நாளைக்கு என்று அவருடைய பழைய அம்பாசிடரை வாங்கிவந்தார். எங்கள் தெருவுக்குள் பிளஷர் கார் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. விடியும் முன் கிளம்பினோம். முன் சீட்டில் அப்பா உட்கார்ந்து, தனக்குத் தெரியாத சாலைக்கெல்லாம் வழி சொன்னார். பின்னால் அம்மா, நான், தம்பி, ஒரு தூக்குவாளிப் புளிசோறு.

முதலில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதாவைப் பார்க்காமல் எங்கள் பக்கத்து ஆள் வேளாங்கண்ணிக்குப் போகமாட்டான். எனக்கு அந்த வயதில் ஒரு கணக்கு இருந்தது. ஏலாக்குறிச்சி மாதா அக்கா. வேளாங்கண்ணி மாதா, கடற்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சி. இல்லாவிட்டால் ஏன் இரண்டு ஊரில் இரண்டு கோயில்? அக்கா சொன்னால் தங்கச்சி கேட்டுத்தானே ஆகவேண்டும்? எங்கள் வீட்டில் மாமாவே அம்மா சொல்லுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார். ஆகவே முன்னால் போய் மண்டியிட்டு, சத்தமாகவே மனு கொடுத்தேன். தம்பி பிழைத்ததற்கு நன்றி. ஆனால் முடி வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு. வேண்டுமானால் புதுப் பாவாடையை எடுத்துக்கொள்ளட்டும்.

எழுந்து திரும்பினால், மாமா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார்.

"என்ன பாப்பா கேட்ட?"

சொன்னேன். அக்கா, தங்கச்சி, பாவாடை, எல்லாம். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றே அவரை நம்பாமல் விட்டிருப்பேன்.

"சரி, சொல்லிட்டல்ல? வுடு. வெளிய யார் கேட்டாலும் மூச்சு வுடாத. சொன்னா பலிக்காது. வா, வண்டில ஏறு."

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். தம்பி மூன்று இடத்தில் வாந்தி எடுத்தான். நாகப்பட்டினம் தாண்டி ஓர் இடத்தில் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. மாமாவைத் தவிர நாங்கள் யாருமே அதற்குமுன் கடல் பார்த்ததில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இம்மாந் தண்ணி இருந்தும் நம்மூருல குடத்தத் தூக்கிக்கிட்டு அலயறோம்" என்றார் அப்பா.

வேளாங்கண்ணியில் மணல் சுட்டது. கோயிலுக்குப் போனோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிறகு மொட்டைக் கொட்டகை. அப்பா சீட்டு வாங்கி வந்தார். வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். உள்ளே கத்தி தீட்டுகிற சத்தம் வெளியிலேயே கேட்டது. அம்மா என் பின்னலைப் பிரித்தாள். விரலால் கோதினாள். என்ன நினைத்தாளோ, திரும்பப் பின்னினாள். மறுபடி பிரித்தாள். அன்றைக்கு அவள் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"அடுத்தது யாரு? சீக்கிரம் வாங்கம்மா" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் முறை. நான் தூணைக் கட்டிக்கொண்டேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். மாமாவை எங்கே என்று பார்க்கிறேன், காணவில்லை.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்தே ஓர் ஆள் வெளியே வந்தான். மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், காதுக்கு மேலே ஒரு கீறல். பின்பையில் சீப்பு. சீப்பைப் பார்த்துத்தான் அது மாமா என்று தெரிந்தது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! என்னடா பண்ணித் தொலச்ச? அடுத்த மாசம் பூ வைக்கிறாங்கடா!"

"புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்பவே நான் வேண்டிக்கிட்டேன்க்கா. மாதாவே, மாப்ள பொழச்சா எம் முடின்னு. ஒனக்கு முந்தியே. மாதா சத்தியமா." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "அதனால பாப்பா முடி வாணாம். ஒரு வேண்டுதலுக்கு ஒரு தலதான். ரெண்டாவது தலய மாதா ஏத்துக்க மாட்டா. சாமியாரே சொல்லிருக்காரு."

"எந்தச் சாமியாரு?" என்றார் அப்பா.

"விஜயவாடாவுல மச்சான்."

"தெலுங்குச் சாமியாரு சொன்னது நம்ம வேண்டுதலுக்குச் செல்லுமாடா?"

"மாதாவுக்கு எல்லா பாசையும் தெரியும் மச்சான்."

அம்மா மாமாவையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் "சரி" என்றாள். அந்த ஒரு சொல்தான். என் முடியில் மூன்று விரல் அளவுக்குப் பூமுடி மட்டும் கத்தரித்து மாதாவுக்குக் கொடுத்தாள். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து, தலை வலிக்கிற அளவுக்கு இறுக்கி எனக்குப் பின்னல் போட்டாள். இப்போது திட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது நாகூர், காரைக்கால் வழியாக வந்தோம். காரைக்காலில் அப்பா மருந்துக்கடைக்கு என்று போய், மருந்து எதுவும் வாங்காமல் சந்தோஷமாகத் திரும்பினார். தரங்கம்பாடியில் கோட்டைக்கு முன்னால் இறங்கி, பொரித்த மீனும் புளிசோறும் சாப்பிட்டோம். தம்பி மாமாவின் மடியில் ஏறி நின்று அவர் தலையில் மேளம் வாசித்தான். "மொட்டை மாமா" என்று நான்தான் முதலில் கூப்பிட்டேன். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று கடலைப் பார்த்து, ஏலாக்குறிச்சி அக்காவுக்கு மனசார நன்றி சொன்னேன். மாமாவுக்கு மீன் முள்ளைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து உடையார்பாளையத்திலிருந்து பெண்ணின் அத்தைகள் இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக்கு வரும் முன் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் பேச்சுக் கொடுத்தார்கள்.

"ஏம் பாப்பா, ஒங்க மாமாவுக்கு எதுக்கு மொட்ட?"

சொன்னால் பலிக்காது. அக்கா கோபித்துக்கொண்டால் தங்கச்சி முடியைத் திருப்பிக் கேட்பாள். "தெரியாது" என்றேன்.

"எங்கயாச்சும் வெளிய போயிருந்தாரா?"

"ரொம்ப நாளு ஆளக் காணோம்." இது உண்மை.

ஒரு மாதம் காணாமல் போய் மொட்டைத் தலையோடு வந்த லாரி டிரைவர் ஜெயிலுக்குள் இருந்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று முடிவாயிற்று. அம்மா அவர்கள் வீட்டுக்கே போய் வேண்டுதல் என்று அழுது பார்த்தாள். 'வேண்டுதல்னா ஒங்க புள்ளைக்கே தெரியாமப் போச்சா, சின்னப்புள்ள பொய் சொல்லுமா' என்று கேட்டார்களாம். சம்பந்தம் முறிந்தது. மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடி வளர்ந்தது. அவர் பழையபடி நீளமாக விடவில்லை. பின்பையில் சீப்பும் இல்லை. நாலு வருஷம் கழித்துத்தான் அத்தையைக் கட்டினார். அத்தை தங்கமான மனுஷி. இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

போன மாதம் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். எண்பதை நெருங்குகிறாள். எலி வால்கூட இப்போது இல்லை. பேச்சுவாக்கில், மாமா ஆஸ்பத்திரி நாளில் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"அவனுக்கு எங்கடி தெரியும்? புள்ள வூட்டுக்கு வந்தப்புறம்தான மாம்பழக் கூடையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான்."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. நானும்தான் அங்கே இருந்தேன். ஏன் நாராகப் போய்விட்டாய் என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். ஆஸ்பத்திரி என்ற ஒன்று நடந்ததே அன்றுதான் அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில் என் கையில் இருந்த சாட்சியம் அது. மாம்பழத்தோடு சேர்த்து முழுங்கியிருக்கிறேன்.

"தெரிஞ்சே ஏம்மா வுட்ட? மாதா பேரச் சொல்லிப் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் சரின்ன?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் மனசு வந்துச்சாக்கும்" என்றாள்.

தை மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். மொட்டைத் தலையில் மேளம் வாசித்த அதே தம்பிதான். கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். மாமா முன்வரிசையில் இருப்பார், நான் மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பேன். இப்போதே எழுதிச் சொல்லிவிட்டேன், அப்புறம் காது கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது.

மாமா, சபைக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். வேண்டிக்கொண்டீர்களா, இல்லையா? ஆமாம் என்று இன்னொரு தடவை பொய் சொன்னால் உங்களை விடமாட்டேன். இல்லை என்று சொல்லுங்கள். அந்தக் கோடையிலிருந்து வருஷம் தவறாமல் நான் ஏலாக்குறிச்சிக்குப் போய் ஏற்றிய மெழுகுவர்த்தியெல்லாம் யாருக்குச் சேர வேண்டியது என்று ஊருக்குத் தெரியட்டும்.